மாடு கத்தியது எட்டு மணிக்கு அல்ல

மகனே,

இதைப் பேருந்தில் போகும்போதோ, ஸ்கேன் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டோ படிக்காதே. திருப்பதியில் உன் அறைக்குப் போய், கை கால் கழுவி, உட்கார்ந்து படி. போனில் சொல்லலாம் என்றால், நீ மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்வாய், நான் கோபத்தில் வைத்துவிடுவேன். போன பதினைந்து நாளில் இரண்டு தடவை அப்படித்தான் நடந்தது. ஆகையால் எழுதுகிறேன். இதன் ஒரு நகலை, மாடு வளர்ப்பவர்கள் படிக்கிற மாதப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். உனக்கு இது பிடிக்காது என்று தெரியும். உன் பெயரையும் உன் கல்லூரிப் பெயரையும் நான் எங்கும் எழுதவில்லை. என் பெயரும் இதில் இல்லை. ஆனால் உன்னைப் போலப் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற பிள்ளைகள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்களும் இருக்கிறார்கள். உனக்கு மட்டும் எழுதினால் இது நம் வீட்டுச் சண்டையாக முடிந்துவிடும். இது நம் வீட்டுச் சண்டை மட்டும் அல்ல.

அடுத்த மாதம் நீ சமர்ப்பிக்கப்போகிற ஆய்வேட்டின் அச்சுப் பிரதியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாய். இன்னும் அட்டை போடவில்லை என்றாய். முதல் பக்கத்தைத் திறந்து காட்டினாய். "மாட்டைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த என் தந்தைக்கு" என்று ஆங்கிலத்தில் இருந்தது. உன் நைனா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது, நீ அவரை நினைத்திருக்கிறாய் என்று எனக்குக் கண் கலங்கியது உண்மை. உடனே கோபம் வந்ததும் உண்மை. இரண்டில் எதையும் நான் மறைக்கப்போவதில்லை. அந்த வரியை நீ மாற்றவேண்டாம், அப்படியே இருக்கட்டும். உன் நைனா உனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தார். சைக்கிள் கற்றுக்கொடுத்தார், கேட்டவனுக்கெல்லாம் கைமாற்றுக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்குவதைக் கற்றுக்கொடுத்தார். மாட்டைப் பார்க்க மட்டும் அவர் கற்றுக்கொடுக்கவில்லை. அதை அவருக்கே நான்தான் காட்டினேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். நீ கால்நடை மருத்துவத்தில் சேர்ந்து இரண்டாம் வருடம் லீவுக்கு வந்தபோது விட்டுப்போன தடித்த புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். சில பக்கங்களுக்கு ஒரு வாரம் ஆனது. முட்டைப்பையில் முட்டை எப்படி முதிர்கிறது, எந்தச் சுரப்பு ஏறினால் மாடு கத்துகிறது, கத்தி எத்தனை மணி நேரம் கழித்து முட்டை வெளியே வருகிறது என்று படித்தபோது, இருபது வருடமாக நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்ததற்கு யாரோ பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அதே அகராதியோடு உன் ஆய்வேட்டையும் நான்கு நாள் உட்கார்ந்து படித்தேன். நீ அதை எதிர்பார்க்கவில்லை. முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு பீரோவில் வைப்பேன் என்று நினைத்தாய்.

நீ எழுதியிருப்பதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. காலையில் மாடு பருவத்துக்கு வந்தால் மாலையில் சினை ஊசி, மாலையில் வந்தால் மறுநாள் காலையில் ஊசி. இது பழைய விதி. முட்டை வெளியே வர நேரம் எடுக்கும், அதற்கு வெகு முன்னால் ஊசி போட்டால் உள்ளே போன உயிரணு முட்டை வருவதற்குள் செத்துப்போகும் என்பதுதான் அதன் காரணம். நீ மூன்று வருடம் நம் பக்கத்து ஊர்களில் மாடுகளை ஸ்கேன் செய்து பார்த்தாய். பெரும்பாலான வீடுகளில், மாடு கத்தியதாகச் சொன்ன நேரத்திலிருந்து முட்டை சீக்கிரமாகவே வந்துவிட்டது. ஆகவே நம் பக்கத்துக் கலப்பின மாடுகளுக்குப் பழைய விதி பொருந்தாது, பார்த்த உடனே ஊசி போடவேண்டும் என்று முடிவு கட்டினாய். சில வீடுகளில் மட்டும் முட்டை தாமதமாக வந்தது. அவை ஏழை வீடுகள், புண்ணாக்கும் தாது உப்பும் போதவில்லை, சத்துக் குறைவால் தாமதம் என்று எழுதினாய். கடைசி அத்தியாயத்தில், "பார்த்த உடனே ஊசி" என்று தெலுங்கிலும் தமிழிலும் துண்டறிக்கை அடித்து எல்லாப் பால் சென்டர் சுவரிலும் ஒட்டவேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறாய்.

நீ ஸ்கேனில் பார்த்தது எல்லாம் சரி. முட்டை வந்த நேரம் சரி. மாடு கத்திய நேரம்தான் தப்பு. அது தப்பு என்று உன் படிவத்தின் முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும்.

நம் வீடுகளில் நடப்பதை உனக்குச் சொல்கிறேன். நீ இந்த வீட்டில்தான் வளர்ந்தாய், ஆனாலும் உனக்குத் தெரியாது, ஏனென்றால் உன் முன்னால் யாரும் பேசியதில்லை. மாட்டுக்குப் பக்கத்தில் விடியற்காலையில் உட்காருவது பெண்தான். மடி இறங்காமல் பால் குறைவதும், பின்னால் கண்ணாடி மாதிரி வழும்பு தொங்குவதும், பக்கத்து மாட்டின் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு நிற்பதும் அவள் கண்ணில்தான் முதலில் படும். ஆனால் மாடு பருவத்துக்கு வந்திருக்கிறது என்று ஒரு பெண் வாயால் சொல்லக்கூடாது. புருஷனிடமே சொல்லக்கூடாது, மாமனார் இருக்கிற வீட்டில் கேட்கவே வேண்டாம். நான் கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம், "மாடு பருவத்துக்கு வந்துட்ச்சு" என்று வாசலில் நின்று சொன்னதற்கு உன் அத்தை என் கையைக் கிள்ளி உள்ளே இழுத்துப் போனாள். "ஊசி போடறவன் காதுல உழுந்தா இன்னா நெனப்பான்? ஜெபம் பண்ற வூட்டுப் பொம்பள பேசற பேச்சா இது?" என்றாள். அப்புறம் எல்லாரும் சொல்கிறபடி சொல்லப் பழகிக்கொண்டேன். "இன்னிக்கி மாடு சரியா துன்னல." இவ்வளவுதான் சொல்லலாம்.

அதற்குள் உன் நைனா பாலை எடுத்துக்கொண்டு சென்டருக்குப் போயிருப்பார். திரும்பிவந்து காபி குடிக்கும்போது நான் மாடு துன்னவில்லை என்பேன். அவருக்குப் புரியும். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய், இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டு, தானே கண்டுபிடித்தவர் மாதிரி வந்து, சினை ஊசி போடுகிற முனிரத்தினத்துக்குப் போன் போடுவார். அதற்குள் மணி எட்டு, எட்டரை. அவர் சித்தூருக்குப் போயிருந்த நாட்களில் அது மாலை ஐந்து. மாடு கத்தியது எத்தனை மணிக்கு என்று யார் கேட்டாலும், அவர் பார்த்த நேரத்தைச் சொல்வார். பொய் சொன்னதாக அவருக்குத் தோன்றாது. அவருக்கு அது அப்போதுதான் கத்தியது.

நீ படிவத்தோடு முதலில் நம் ஊர் சென்டருக்கு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உன்னோடு மூன்று பேர் வந்தார்கள். பெஞ்சில் ஆண்களை உட்காரவைத்தாய். நாங்கள் எட்டுப் பத்துப் பெண்கள் பால் கேனோடு வெளியே வரிசையில் நின்றோம். "மாடு பருவத்துக்கு வந்ததை முதல்ல எப்போ பார்த்தீங்க?" என்று வாசித்தாய். உன் நைனாதான் முதல் ஆள், மகன் கேட்கிறான் என்று நெஞ்சை நிமிர்த்தி, "முந்தாநேத்து காலைல எட்டு மணிக்கு" என்றார். அதற்கும் முந்தின நாள் சாயந்திரமே நம் மாடு கருப்பி தாடை வைத்து நின்றதை நான் பார்த்திருந்தேன். என் பக்கத்தில் நின்ற சரோஜா என்னை இடித்தாள். "எட்டு மணிக்கா? உங்க வூட்டுக்காரருக்கு எட்டு மணிக்குத்தான் கண்ணே தொறக்கும்" என்றாள். நாங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம். நீ சத்தம் கேட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாய். கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். சொல்லவும் தயாராகத்தான் இருந்தேன், அத்தனை ஆண்களுக்கு முன்னாலும். நீ கேட்டாய். "அம்மா, எங்க நாலு பேருக்கும் காபி போட முடியுமா?"

போட்டேன். பாலைக் காய்ச்சிக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன். இவன் வந்து கேட்கட்டும், கேட்காதவரை நான் வாயைத் திறக்கப்போவதில்லை என்று. மூன்று வருடம் திறக்கவில்லை. நீ எங்கள் பெண்கள் ஐக்கிய ஜெபக்கூட்டத்துக்கே வந்து தாது உப்பு பற்றி அரை மணி நேரம் பேசினாய். எங்களுக்குக் கற்றுக்கொடுத்தாய், எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே, பார்க்கலாம் எவ்வளவு தூரம் போகிறாய் என்று இருந்தது. தாய்க்கு மகன் மேல் இப்படி ஒரு வீம்பு இருக்குமா என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். இருந்தது.

இப்போது உன் ஆய்வேட்டின் பின்பகுதிக்கு வருகிறேன். மாடுகளின் காது வில்லை எண்களை வரிசையாகப் போட்டிருக்கிறாய். கருப்பியின் எண் எனக்கு மனப்பாடம். முதல் ஒன்றரை வருடம் அதன் பக்கத்தில் "விரைவு" என்று இருக்கிறது. உன் நைனா போனபிறகு, அதே எண்ணின் பக்கத்தில் "தாமதம்" என்று இருக்கிறது. ஒரே மாடு, ஒரே கொட்டகை, ஒரே கை போடுகிற தீவனம். அதற்கு நீ கொடுத்த விளக்கத்தை அகராதி பார்த்துப் படித்துவிட்டு நான் அகராதியை மூடிவைத்தேன். குடும்பத் தலைவரின் மறைவுக்குப் பின் பராமரிப்பும் தீவனமும் குறைந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். மகனே, உன் நைனா போன அன்றுகூட நான் கருப்பிக்குத் தவிடு கலக்கி வைத்துவிட்டுத்தான் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். குறைந்தது தீவனம் அல்ல. அவர் போனபிறகு முனிரத்தினத்துக்கு நானே போன் போட்டேன். பார்த்த நேரத்தைப் பார்த்தபடி சொன்னேன். இதுதான் மாறியது.

தாமதம் என்று நீ குறித்திருக்கிற மற்ற வீடுகளையும் எண்ணை வைத்துப் பார்த்தேன், எனக்கு எல்லா வீடும் தெரியும். ஒன்றில் புருஷன் இறந்துவிட்டான். ஒன்றில் அவனுக்கு ஸ்ரீசிட்டித் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, வாரத்துக்கு ஒரு நாள்தான் வருகிறான். இன்னொன்றில் அவன் ஓடிப்போய் ஆறு வருடம். எல்லாம் பெண்ணே போனை எடுத்துப் பேசுகிற வீடுகள். அங்கே உனக்குக் கிடைத்தது உண்மையான நேரம், ஆகையால் பழைய விதி அங்கே அப்படியே பொருந்துகிறது. ஆண் பேசுகிற வீடுகளில் உனக்குக் கிடைத்தது காபி குடித்த நேரம். நீ தேடின வித்தியாசம் மாட்டின் முட்டைப்பையில் இல்லை, தவிட்டு மூட்டையிலும் இல்லை. "பார்த்த உடனே ஊசி" என்ற உன் விதி, தாமதமாகச் சொல்கிற வீட்டில் வேலை செய்யும். இப்போது மருமகள்கள் கையில் எல்லாம் போன் இருக்கிறது, அவர்களுக்கு வெட்கமும் குறைந்துவிட்டது, நல்லது. அவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கூப்பிடுவார்கள். உன் துண்டறிக்கையைப் பார்த்து ஊசி ஐந்தரைக்கு வந்து நிற்கும். மாடு மூன்று வாரம் கழித்து மறுபடி கத்தும். மூன்று தடவை சினை நிற்கவில்லை என்றால் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள். இதெல்லாம் நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

உன் நைனாவைக் குற்றம் சொல்வதாக நினைக்காதே. திருப்பதி ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகப் படுத்திருந்த வாரத்தில், ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து, "இன்னாமே, கருப்பி கத்துச்சா?" என்றார். நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். நான் நேராகச் சொன்னேன். "நேத்து சாயங்காலம் ஆறு மணிக்குக் கத்துச்சு. இன்னிக்கி காலைல ஊசி போடச் சொல்லிட்டு வந்தேன்." கல்யாணமாகி முப்பத்துநாலு வருடத்தில் அவரிடம் நான் நேரத்தோடு சொன்னது அதுதான் முதல் தடவை. சிரித்தார். சிரித்தால் வலிக்கும், இருந்தாலும் சிரித்தார். "ஆறு மணிக்கேவா? இத்தினி வருசமா நான் எட்டு மணி எட்டு மணின்னு பெரிய இவனாட்டம் சொல்லிகினு இருந்தனே."

"நீங்க கேக்கவே இல்லியே."

"கேக்கலதான்" என்றார். பிறகு, "பையன்ட்ட சொல்லிடு. அவன் என்ன நம்பி எழுதிகினு கீறான்" என்றார். சரி என்றேன். நீ மருந்தோடு மேலே வந்தாய், நான் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்தாய், அப்போதும் சொல்லவில்லை. செத்துப்போகிற மனிதன் கேட்ட ஒரே காரியம் அது. என் வீம்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

இதுவரை சொன்னது என் மனக்குறை. இனிமேல் சொல்வது என் தப்பு. சரோஜா என்று மேலே எழுதினேன், அது அவள் பெயர் அல்ல, பத்திரிகைக்குப் போகிறது என்றதும் அவளே தேர்ந்தெடுத்துச் சொல்லியனுப்பிய பெயர். கோயிலில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவந்தவள் யார் என்று உனக்குத் தெரியும். அவளுக்கு இருந்தது ஒரே மாடு. போன வருடம் நீ முனிரத்தினத்திடம், பரிசோதனைக்காக ஒரு வருடம் கூப்பிட்ட உடனே போய் ஊசி போடு என்று சொல்லியிருந்தாய். அவன் அதில் பெருமைப்பட்டுக்கொண்டு போன் வைப்பதற்குள் வண்டியை எடுத்தான். பெரும்பாலான வீடுகளில் நன்றாகச் சினை நின்றது, நீ சந்தோஷப்பட்டாய். கருப்பி கத்தியபோது நான் போன் போட்டேன், அவன் உடனே வந்து நின்றான். "இப்போ வேணாம், சாயங்காலம் வா" என்றேன். "அம்மா, சார் உடனே போடச் சொல்லிகீறாரு" என்றான். "உங்க சாரைப் பெத்தவ சொல்றேன், சாயங்காலம் வா" என்றேன். சாயங்காலம் வந்து போட்டுவிட்டு, படிவத்தில் காலை என்றே எழுதிக்கொண்டு போனான். கருப்பிக்கு நின்றது.

அதே மாதம் சரோஜா விடியற்காலையில் போன் போட்டாள், விடிவதற்குள் ஊசி போட்டாயிற்று. நிற்கவில்லை. மறுபடியும் அப்படியே. என்னிடம் வந்து, "அக்கா, எம்மாடு நிக்கவே மாட்டேங்குது, உம்மாடு மட்டும் எப்படி நிக்குது?" என்று கேட்டாள். சாயங்காலம் போடச் சொல் என்று ஒரே வார்த்தை. அதைச் சொன்னால் அவள் ஜெபக்கூட்டத்தில் சொல்வாள், அது உன் காதுக்கு வரும், நீ வந்து கேட்பதற்கு முன்னால் நானே போய்ச் சொன்னது மாதிரி ஆகிவிடும் என்று யோசித்தேன். "ஜெபம் பண்ணிக்கோ" என்று சொல்லி அனுப்பினேன். இந்த வயதுவரை நான் சொன்ன வார்த்தைகளிலேயே மிகக் கேவலமானது அது. மூன்றாவது தடவையும் நிற்கவில்லை. மாடு சந்தைக்குப் போனது. ஓட்டிக்கொண்டு போனவன் நம் வீட்டு வழியாகத்தான் போனான், நான் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. உன் ஆய்வேட்டில் அந்த மாட்டுக்கு ஒரு வரி இருக்கிறது. சத்துக் குறைவு, மறுபடி மறுபடி பருவம், நீக்கப்பட்டது.

போன தடவை நீ வந்தபோது இதைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். ஆனால் சரோஜாவிலிருந்து ஆரம்பிக்காமல், என் மனக்குறையிலிருந்து ஆரம்பித்தேன். தீவனம் குறைந்ததாக எப்படி எழுதினாய் என்று கத்தினேன். "அம்மா, மூணு வருஷ வேல இது. நீ ஒரு மாட்ட வெச்சிகினு சொல்ற" என்றாய். "நான் ஒரு மாட்ட வெச்சிகினுதான்டா உன்னப் படிக்க வெச்சேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் காகிதக் கட்டைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்துத் தண்ணி காயவை என்றேன். நீ சாப்பிடாமல் எழுந்து போனாய். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. அந்த வார்த்தைக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உன் வேலை அடுப்பில் வைக்கிற வேலை அல்ல. ஸ்கேன் வண்டியில் மழையிலும் வெயிலிலும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு மாட்டையும் பார்த்தாய், முழங்கை வரை உறை மாட்டிக்கொண்டு வாந்தி வருகிற நாற்றத்தில் நின்றாய், ஒரு எண்ணைக்கூட நீ மாற்றி எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். முட்டை வந்த நேரம் எல்லாம் தங்கம் மாதிரி உன்னிடம் இருக்கிறது. கத்திய நேரம் மட்டும் இல்லை. அதைக் கேட்க உனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் இல்லை. சொல்லியிருக்கவேண்டியவள் காபி போட்டுக்கொண்டிருந்தாள். மன்னிப்பு அந்த வார்த்தைக்கு மட்டும்தான். நேரம் தப்பு என்று சொன்னதிலிருந்து ஒரு அடிகூட நான் பின்வாங்கமாட்டேன், உன் பேராசிரியரே வந்து நின்றாலும்.

ஆகவே நான் கேட்பது இது. அடுத்த மாதம் அதைச் சமர்ப்பிக்காதே. ஆறு மாதம், தேவையானால் ஒரு வருடம் தள்ளிப்போடு. உனக்கு வேலைக்கு ஆர்டர் வரப்போகிறது, பெண் பார்த்திருக்கிறோம், பட்டம் இல்லாமல் இரண்டும் இழுபடும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் வீட்டாருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பிப் போ. பால் சென்டருக்குப் போகாதே, கொட்டகைக்குப் போ. ஆண்கள் இருக்கும்போது கேட்டால் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள், நானும் உன்னோடு வருகிறேன். பருவம் என்ற வார்த்தையைச் சொல்லிக் கேட்காதே. "மாடு என்னிக்குச் சரியா துன்னல?" என்று கேள், நேரத்தோடு பதில் வரும். பழைய நேரங்கள் பலருக்கு மறந்துபோயிருக்கும், அதை மறந்துபோனது என்றே எழுது, நீயாக நிரப்பாதே. ஒரு காரியத்தை முதலில் பார்த்தது யார் என்று விசாரிக்காமல், சொல்ல வந்தவனிடம் கேட்டு எழுதிக்கொள்வது சுலபம். நாளைக்கு உனக்கென்று ஒரு வீடு வரும்போதும் அந்தச் சுலபமான வழியில் போகாதே. கேட்காவிட்டால் உனக்கு வருகிறவளும் என்னைப் போல வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவாள். உனக்குத் தெரியவே தெரியாது.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து சரோஜா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அப்போ தெரிஞ்சிகினேதான் ஜெபம் பண்ணிக்கோன்னு சொன்னியா, அக்கா?"

"ஆமா."

"உன் புள்ளக்குத் தெரியுமா?"

"தெரியாது. எம்மேல இருக்கற தப்பு இது."

"அவனும் கேட்டிருக்கணும்ல" என்றாள். பிறகு முறத்தைத் தட்டிப் புடைக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன். திங்கட்கிழமை கருப்பியின் மூத்த கிடேரியைப் பிடித்துக்கொண்டு போய் அவள் வாசலில் நின்றேன். "இன்னா, பிச்சை போட வந்தியா?" என்றாள். "உன் மாட்டுக்குப் பதில் மாடு. பிச்சை இல்ல" என்றேன். கயிற்றை வாங்கிக்கொள்ளவில்லை. "அந்த முளைல கட்டிட்டுப் போ. இனிமே கோயில்ல எம்பக்கத்துல உக்காராத" என்றாள். கட்டிவிட்டு வந்தேன். அவள் சொன்னபடிதான் செய்வேன், அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அவள் வீட்டிலிருந்து கிடேரி கத்துகிற சத்தம் கேட்டது. அதற்கு அது முதல் பருவம், இடம் மாறிய மிரட்சியாகக்கூட இருக்கலாம் என்று நினைத்தேன். நான் போய்ப் பார்க்கவில்லை. இப்போது அது அவள் மாடு, பார்க்கவேண்டியவள் அவள். சாயங்காலம் ஜெபக்கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால், என் முகத்தைப் பார்க்காமல், "காலைல நாலு மணியிலேர்ந்து வழும்பு தொங்குது. சின்னது, இந்த வாட்டி வேணாம், அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்றாள். நாலு மணி என்று சத்தமாகவே சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த பருவத்துக்கு இருபத்தொரு நாள் கணக்கை நீயே போட்டுக்கொள். உன் போன் எண்ணை ஜெபக்கூட்டத்துப் பெண் ஒருத்தி மூலம் அவளுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். முனிரத்தினத்துக்குப் போடவேண்டாம், உனக்கே போடச் சொல்லியிருக்கிறேன். எண்ணை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள். அவள் கூப்பிட்டால் எந்த மீட்டிங்கில் இருந்தாலும் எடு. வண்டிச் சாவியைத் தேடுவதற்கு முன்னால், கிடேரியைப் பற்றி எதுவும் சொல்வதற்கு முன்னால், அவள் முதலில் எத்தனை மணிக்குப் பார்த்தாள் என்று கேள். அவள் சொல்கிற நேரத்தை அப்படியே எழுது.

உன் அம்மா